வகுப்பறைப் பாடத்தை இணையவழிக்கு மாற்றுதல்: யாழ்ப்பாணத்து விரிவுரையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலானோர் செய்தது ஒன்றுதான். திங்கள் காலை எட்டு மணி விரிவுரை திங்கள் காலை எட்டு மணிக்கே சூமுக்குப் போனது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் கிடைத்தது, பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் இலவசமாக்கின, எப்படியோ பாடம் ஓடியது. ஆபத்துக்குச் செய்த வேலை அது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் நேரசூசியைத் தூக்கித் திரையில் வைப்பதையே இணையவழிக் கற்பித்தல் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள்தான் பாவம்.

இங்கே வகுப்பு நிற்பதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. 2022 இல் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டது. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் கடல் கொந்தளித்தாலே குறிகட்டுவான் துறைக்குப் படகு இல்லை. ஒரு பாடத்தையாவது ஒழுங்காக இணையவழிக்கு மாற்றி வைத்திருப்பது வீண்போகாது.

கீழே உள்ளதெல்லாம் ஒரே உதாரணத்தைச் சுற்றித்தான் போகும்: கலைப்பீடத்தில் தமிழ்மொழி மூலம் நடக்கும் மூன்று கிரெடிட் ‘நீர்வளப் புவியியல்’ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாடம் கணக்கியலோ சைவசித்தாந்தமோ, வழி இதேதான்.

1. முதலில் மணித்தியாலக் கணக்கு

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட்டுக்கு 150. விரிவுரை மண்டபத்தில் கழிவது அதில் 45 மட்டுமே. மிச்சம் 105 வாசிப்புக்கும் ஒப்படைக்கும் பரீட்சை ஆயத்தத்துக்கும் உரியது. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் வரும்.

இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான். 45 மணித்தியாலப் பேச்சை எப்படி இணையத்தில் ஏற்றுவது என்று தொடங்கினால் பாதை பிழைத்துவிடும். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் பிள்ளை என்ன செய்யப் போகிறார், அதில் எந்தப் பகுதிக்கு நான் நேரில் இருந்தாக வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் நேரில் இருக்க வேண்டிய பகுதி எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியதாகத்தான் வரும்.

இது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூலையும் இடையிடையே நாள் வகுப்பையும் வைத்தே பட்டதாரிகளை உருவாக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. அதன் பாடத் தொகுதி ஒன்றை இரவல் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் எதைச் செய்யச் சொல்லித் தொடங்குகிறது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறது என்று கவனித்தால் எந்தப் பயிற்சிப் பட்டறையை விடவும் அது கூடுதலாகச் சொல்லித் தரும்.

2. பிள்ளைகள் எங்கே, எதில், எப்படி

தவணை தொடங்கமுதல் ஐந்து கேள்வி கேளுங்கள். இணையப் படிவத்தில் மட்டும் கேட்டால் இணையம் இல்லாத பிள்ளை பதில் தரமாட்டார், பிறகு எல்லோருக்கும் வசதி இருப்பதாக அறிக்கை வரும். ஆகவே தாளிலோ தொலைபேசியிலோ கேளுங்கள்.

கருவி என்ன: சொந்த மடிக்கணினியா, சொந்தக் கைத்தொலைபேசியா, தம்பியுடன் பங்கிடும் தொலைபேசியா? இணைப்பு எது, வீட்டுக்குள் சிக்னல் வருமா, முற்றத்துக்கு வர வேண்டுமா? மாதம் டேட்டாவுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும்? எந்த நேரம் அமைதியாக இருக்கலாம்? பார்வை, கேட்டல் தொடர்பாக நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதும் உண்டா?

நான்காவது கேள்விக்கு வரும் பதில்கள் நேரசூசியையே மாற்றிவிடும். பகலில் வீட்டு வேலையோ தோட்ட வேலையோ உள்ள பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் நிம்மதியாக இருப்பார்கள். எங்களுக்கு அது வசதியில்லாத நேரம்தான். என்றாலும் வாரத்தில் ஒரு நாள் சமாளிக்கலாம்.

டேட்டாவைப் பொறுத்தவரை பருமட்டான கணக்கு ஒன்று போதும். கமராவுடன் கூடிய குழு வகுப்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் தின்னும். ஒரு பிள்ளைக்கு ஐந்து பாடம், ஒவ்வொன்றுக்கும் வாரம் மூன்று மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 15 ஜிகாபைட். அந்த ரீலோட் காசு யாருடைய சட்டைப்பையிலிருந்து போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். 2020 இல் கிடைத்த இலவசச் சலுகை இனியும் வரும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

முடிவெடுக்கும் விதி எளிது: பட்டியலில் மிக மோசமான இணைப்பு யாருக்கோ, அவரால் சித்தியடையக்கூடியதாகப் பாடம் இருக்க வேண்டும். நல்ல இணைப்பு உள்ளவருக்கு மேலதிகமாகச் சிலவற்றை வைக்கலாம். அது தலைகீழானால் பாடம் நெடுந்தீவுக்குப் போகாமல், படகுத்துறை உள்ள புங்குடுதீவிலேயே நின்றுவிடும்.

3. ஒரு வாரத்தை முழுதாக வரையுங்கள்

பதினைந்து வாரத்தையும் ஒரேயடியாகத் திட்டமிடப் போனால் மூன்றாம் வாரத்திலேயே களைத்துவிடுவீர்கள். நடுவில் உள்ள ஒரு வாரத்தை எடுத்து அடி முதல் நுனி வரை வரையுங்கள். மற்றவை அதன் அச்சில் வரும்.

எங்கள் உதாரணத்தில் ஆறாம் வாரம்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் வில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. மழைக்கு ஓடும் வழுக்கையாறு மட்டும்தான். மழைநீர் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்பு நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கோட்பாடு. வாரம் முடியும்போது மாணவர் செய்யக்கூடியதாக இருக்க வேண்டியது: இந்த விகிதத்தைக் கணித்தல், அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு ஏன் உவர்க்கிறது என்று ஒரு விவசாயிக்கு விளங்கச் சொல்லுதல், தன் கிணற்றின் அளவீட்டை (அளக்கும் முறை 7 ஆம் பகுதியில்) மழையோடு ஒப்பிடுதல்.

பத்து மணித்தியாலத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒலிப்பதிவு கேட்க ஒன்று, வாசிப்புக்கு மூன்று, கிணற்று அளவீட்டுக்கு அரை, வினாடிவினாவுக்கு அரை, கலந்துரையாடலில் எழுத ஒன்று, நேரலை ஒன்று, ஒப்படை வேலைக்கு மூன்று. நேரலைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும்தானா என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று மணித்தியாலம் தொடர்ந்து தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டு யாராவது படித்ததைக் கண்டீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

4. பாடப்பொருட்கள்: பாமினியிலிருந்து தொடங்க வேண்டும்

எங்களில் பலருடைய குறிப்புகள் இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த வேர்ட் கோப்பைப் பிள்ளை தொலைபேசியில் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் ‘நிலத்தடி’ என்று தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பானும் வாசிக்காது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் அந்தக் குறிப்பு அவருக்கு வெற்றுத்தாள்தான். ஆகவே முதல் வேலை எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கட்டாயம் ஒருமுறை வாசியுங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் தமிழ் எழுத்துகளாக உருக்குலைந்து போயிருக்கும். போட்டோக்கொப்பியைப் படம்பிடித்த குறிப்புகளுக்குக் குறுக்குவழி இல்லை, திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

வாசிப்புக்குப் புதிதாக எழுத வேண்டும் என்றில்லை. ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள் பெருந்தொகையாக நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் உண்டு. கோப்பை இறக்கி உங்கள் தளத்தில் மறுபடி ஏற்றாமல் இணைப்பைக் கொடுத்து, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எந்தக் கேள்வியை மனத்தில் வைத்து வாசிப்பது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள்.

அடுத்தது ஒலி. காணொளிக்கு எல்லோரும் ஆசைப்படுகிறோம், ஆனால் விரிவுரையில் பெரும்பகுதி காதுக்கு உரியது. வினாடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் பதிந்தால் 15 நிமிடப் பேச்சு 3.6 மெகாபைட்தான், வட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். கூடவே நாலைந்து படங்கள் கொண்ட பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, ‘இப்போது மூன்றாம் படத்தைப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே போங்கள். பதியும்போது ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கு மட்டும் மருந்தில்லை. திருவிழாக் காலத்தில் அதிகாலையில் எழும்பிப் பதிவது நல்லது, அதுவும் பூசைக்கு முன்பு.

அசைவு தேவைப்படும் இடத்தில் மட்டும் காணொளி: வரைபடத்தில் சமவுயரக் கோடு கீறுவது, எக்செலில் சராசரி எடுப்பது போன்றவை. திரையைப் பதிந்து வினாடிக்கு 300 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் பத்து நிமிடம் 22 மெகாபைட் அளவில் நிற்கும். பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பொதி வைத்திருப்பவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கிக்கொள்ளட்டும். அதற்காகவே வாரத்துக்குரிய கோப்புகளை முதல்நாள் மாலைக்குள் ஏற்றிவிடுங்கள்.

5. மூடில் பக்கம்

பாடப்பொருட்களை ஏற்றி ஒப்படை வாங்கும் கற்றல் தளமான மூடிலைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பகுதி, ஒவ்வொரு பகுதியும் ஒரே ஒழுங்கில்: இந்த வாரம் என்ன, கேளுங்கள், வாசியுங்கள், செய்யுங்கள், அனுப்புங்கள். அலங்காரம் வேண்டாம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘புதிய குறிப்பு இறுதி 2’ என்று வைக்காமல் வார இலக்கத்தோடு வையுங்கள், அளவையும் எழுதுங்கள். இறக்குவதா விடுவதா என்று பிள்ளை தீர்மானிக்கலாம். மூடில் செயலியில் பாடத்தை இறக்கி வைத்து இணைப்பு இல்லாமலும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் வாரமே காட்டிக் கொடுங்கள்.

வட்ஸ்அப் குழு அறிவித்தலுக்கும் ஒலிப்பதிவு அனுப்பவும் மட்டும். ஒப்படையை அதில் வாங்கத் தொடங்கினால் யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது என்று தவணை முடிவில் தொலைபேசியைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லும் நேரத்தையும் அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு பதினொன்றரைக்கு ‘சேர், நாளைக்கு வகுப்பு இருக்கோ?’ என்று வரும், ஒருவருக்குச் சொன்னால் இன்னும் முப்பது வரும்.

6. நேரலை வகுப்பு

ஒரு மணித்தியாலத்தில் புதிதாக எதையும் விளக்க வேண்டாம். அதற்குத்தான் ஒலிப்பதிவு இருக்கிறது. வினாடிவினாவில் கூடப் பேர் பிழைவிட்ட இரண்டு கேள்விகளை எடுங்கள், கிணற்று அளவீடுகளைத் திரையில் போடுங்கள், ஏன் இப்படி என்று கேளுங்கள்.

கேட்டால் யாரும் பேசமாட்டார்கள் என்பது எல்லோருடைய முறைப்பாடு. ‘விளங்கினதோ?’ என்ற கேள்விக்கு மண்டபத்திலேயே பதில் வருவதில்லை, திரையில் எப்படி வரும்? பெயர் சொல்லிக் கேளுங்கள், சிறிதாகக் கேளுங்கள், எழுத்தில் பதில் சொல்ல விடுங்கள். உதாரணமாக: ‘கோப்பாய்க் கிணறு 20 சென்றிமீற்றர் ஏறியிருக்கிறது, வேலணைக் கிணறு ஏறவில்லை. ஒரு காரணத்தை அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்.’ ஒரு நிமிடம் விட்டு, ‘இப்போது அனுப்புங்கள்’ என்றால் ஐம்பது பதில் ஒன்றாக வந்து விழும். கமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். டேட்டாவும் மிச்சம், வீட்டைக் காட்டக் கூச்சப்படும் பிள்ளைக்கும் நிம்மதி. ‘சேர், குரல் வெட்டி வெட்டி வருது’ என்று ஒருவர் சொன்னால் உங்கள் கமராவையும் நிறுத்துங்கள்.

இலவச சூமில் குழு வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். நிறுவனக் கணக்கு இல்லாதவர்கள் அதையே அளவாக வைத்துத் திட்டமிடலாம். ஒலியை மட்டும் பதிந்து வகுப்புக்கு வராதவர்களுக்குக் கொடுங்கள். பதிகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மின்வெட்டுக்கு ஒரு விதி முன்கூட்டியே இருக்கட்டும்: நான் பத்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் வகுப்பு முடிந்தது, பதிவு நாளை வரும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்டில் இந்த விதி வேண்டியிருக்கிறது. ரவுட்டருக்கென்று சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பதும் நல்லது.

7. செயன்முறையும் களவேலையும்

‘எல்லாம் சரி, பிராக்டிக்கலுக்கு என்ன செய்வது?’ என்று கேட்பார்கள். சில வேலைக்கு உண்மையிலேயே வழியில்லை. இரசாயன ஆய்வுகூடத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவற்றை இரண்டு மூன்று நாட்களுக்குள் குவித்து, பிள்ளைகள் நேரில் வரக்கூடிய காலத்தில் வைப்பதே நேர்மையான ஏற்பாடு. ஆனால் களவேலை வேறு கதை. இணையவழியில் அது மேலும் நன்றாக நடக்கும்.

வழமையாக என்ன செய்வோம்? ஒரு பேருந்து பிடித்து நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக் கேணிக்கும் போவோம், படம் எடுப்போம், திரும்பி வந்து எல்லோரும் ஒரே அறிக்கையை எழுதுவார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கிணற்றைத் தவணை முழுதும் அளக்கட்டும். தேவையானது கயிறு, ஒரு கல், அளவுநாடா. செய்முறையை ஒரு பக்கத்தில் கொடுங்கள்: ஞாயிறு காலை, மோட்டார் போடமுதல், கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து கயிற்றை இறக்குங்கள், அந்த இடத்தில் சோக்கால் ஓர் அடையாளம் போடுங்கள். கல் நீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைக் கட்டு விளிம்போடு சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்து அளவுங்கள். மூன்று தடவை அளந்து நடு அளவை எழுதுங்கள். கட்டின் உயரத்தைக் கழித்தால் நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரும். தாழ்ந்த கட்டுள்ள கிணறு என்றால் வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இதை வேண்டுகோளாக எழுதாமல் விதியாக எழுதுங்கள்.

குழாய்க்கிணறு உள்ளவர்கள் அயல் வீட்டுக் கிணற்றை அளக்கலாம். மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ படிக்கும் பிள்ளைகள் நேரான சுவருள்ள தகரப் பேணியை முற்றத்தில் வைத்து மழையை அளக்கலாம். ஒப்பிட அதுவும் வேண்டும். எல்லா எண்களும் ஒரே கூகிள் அட்டவணைக்குள் போகட்டும், இடம் ஊரின் பெயர் அளவில் மட்டும்.

மாரிமழை தொடங்கும் ஒக்டோபரில் அளக்கத் தொடங்கினால் தவணை முடிவதற்குள் குடாநாட்டின் நீர்மட்டம் ஏறும் கதை அட்டவணையில் தானாக எழுதப்பட்டுவிடும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கிணற்று நீரில் கலக்கும் நைத்திரேற்றைப் பற்றிப் பேசும் வாரத்தில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று சொல்லிவிட்டு, கிணற்றிலிருந்து மலசலகூடக் குழி எத்தனை அடி, தோட்டத்துக்கு என்ன உரம் என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். பேருந்தில் போன எந்தக் களப்பயணமும் இதைக் கொடுக்காது.

உங்கள் பாடத்துக்கு இதன் இணை என்ன என்று தேடுங்கள். கணக்கியல் பிள்ளைக்குத் தெருமுனைக் கடை இருக்கிறது, மொழியியல் பிள்ளைக்கு அம்மம்மா இருக்கிறார்.

8. மதிப்பீடு

தொடர் மதிப்பீட்டின் வீதத்தை மாற்ற நினைத்தால் முதலில் பீடச் சபை, பிறகு பல்கலைக்கழக மூதவை (செனற்). இதற்கு மாதங்கள் எடுக்கும். ஆகவே பாடப்பொருள் தயாரிக்கத் தொடங்கும் அன்றே விண்ணப்பத்தையும் எழுதுங்கள். எண்பது வீத வரவு விதி உள்ள இடத்தில் இணையவழியில் வரவு என்றால் என்ன என்பதையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். சூமில் பெயர் தெரிந்த நேரத்தை எண்ணுவது மின்சாரம் உள்ளவருக்குப் புள்ளி கொடுப்பதாகத்தான் முடியும். வாரத்தின் வினாடிவினா, அளவீடு, கலந்துரையாடல் பதிவு ஆகியவற்றில் ஏதாவது இரண்டைச் செய்திருந்தால் வரவு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

மூடில் வினாடிவினாவில் எண்கணித வினாவுக்கு ஒவ்வொருவருக்கும் வேறு எண் வரச் செய்யலாம். கடல்மட்டத்துக்கு மேல் ஒருவருக்கு நீர்மட்டம் 0.8 மீற்றர், விடை 32; மற்றவருக்கு 1.1, விடை 44. விடையை வட்ஸ்அப்பில் பகிர்ந்து பயனில்லை, முறையைத்தான் பகிர வேண்டும், பகிரட்டுமே. குறுவிடை வினாவில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘பயிர்ச்செய்கை’, ‘பயிர்ச் செய்கை’, ‘பயிர் செய்கை’ மூன்றையும் கணினி மூன்று விடையாகப் பார்க்கும். எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் விடைப்பட்டியலில் போடுங்கள், அல்லது பலதேர்வாக மாற்றுங்கள்.

ஒப்படைக்கு மூடிலில் இரண்டு திகதி வைக்கலாம்: கொடுக்க வேண்டிய திகதி ஒன்று, அதற்குப் பிறகு கதவு மூடும் திகதி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே மூன்று நாள் விடுங்கள். மின்வெட்டு, மழை, படகு என்று வரும் காரணங்களில் பெரும்பாலானவை அதற்குள் தீர்ந்துவிடும், நீங்களும் ஒவ்வொரு கடிதமாக வாசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரைகளைப் பிடிக்கும் மென்பொருளை நம்பி யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டாம். தமிழில் அவற்றை நம்புவதற்கு இன்னும் குறைவான காரணமே உண்டு. கேள்வியை மாற்றுங்கள். ‘நிலத்தடி நீர் மாசடைதலை விபரிக்குக’ என்றால் இயந்திரம் எழுதும். ‘உங்கள் கிணற்றின் பத்து வார அளவீட்டையும் உங்கள் ஊருக்கு மிகக் கிட்டிய இன்னொருவரின் அளவீட்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை விளக்குக’ என்றால் தரவு முதலில் வேண்டும். சந்தேகம் மிச்சமிருந்தால் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். ‘ஏழாம் வாரம் நீர்மட்டம் ஏன் இறங்கினது, தங்கச்சி?’ என்று கேட்டால், கயிற்றை இறக்கிய பிள்ளை வெங்காயத்துக்கு இறைத்த கதையைச் சொல்லும்.

9. ஓடவிட்டுப் பார்த்தல்

தொடங்க இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வாரப் பாடத்தைத் தீவகத்திலோ வடமராட்சிக் கிழக்கிலோ உள்ள மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து, தொலைபேசியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள், எவ்வளவு டேட்டா போனது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேளுங்கள். பத்து மணித்தியாலம் என்று நீங்கள் போட்டது பதினாறாக வந்தால் வாசிப்பைக் குறையுங்கள். முதல் தடவை எல்லாருக்கும் கூடத்தான் வரும்.

தவணை தொடங்கி இரண்டாம் வார முடிவில் மூடிலில் யார் இன்னும் உள்ளே வரவில்லை என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுங்கள். மின்னஞ்சல் போதாது. இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்தான் பிறகு காணாமல் போகிறவர்கள்.

தவணை முடிந்ததும் மாணவர் விபரங்களை விலக்கிவிட்டு மூடில் பாடத்தை ஒரு காப்புக் கோப்பாக இறக்கி, பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். கிணற்று அட்டவணையைப் பெயர்கள் நீக்கி அடுத்த அணிக்குக் கொடுங்கள். அவர்கள் சென்ற வருட ஒக்டோபரோடு ஒப்பிட்டுத் தொடங்கலாம்.